நம் பிள்ளைகள் குற்றவாளிகள், அவர்கள் பிள்ளைகள் நோயாளிகளா?

உக்கடம் பக்கம் எங்கள் குடியிருப்பில், ஓர் இரவு பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். உள்ளே மகன் சுருண்டு கிடந்தான். மூக்கு ஒழுகுகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பை முறிக்கிற வலி. மாத்திரை கிடைக்காத இரண்டாம் நாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா" என்றேன். "வேணாங் கண்ணு, போலீசுக்குச் சொல்லீருவாங்க" என்றார்.

பிள்ளையின் நோயைவிட காக்கிச்சட்டைக்கு அந்தத் தாய் அதிகம் பயந்தார். ஏன்?

டேபென்டடால். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத, ஓபியாய்டு வகை வலி மாத்திரை. கோவையில் இதைப் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். செய்தியில் பிடிபட்ட பையன்களை வரிசையாக நிறுத்திப் படம் போடுகிறார்கள். கீழே குடியிருப்பின் பெயர். அந்தப் பெயரை வைத்தே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறது ஊர்.

இந்த மாத்திரையை எந்தச் சேரியிலும் தயாரிப்பதில்லை. டேபென்டடாலோடு இன்னொரு மருந்தைச் சேர்த்து மும்பை நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதை 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்தியது. அதன் பிறகே ஒன்றிய அரசு அந்தக் கலவைக்குத் தடை போட்டது. அந்த முதலாளியின் தெருவையும் சாதியையும் யாராவது விசாரித்தார்களா?

இதே மாத்திரைக்குப் பழகிய மில் முதலாளி மகன் ஒருவனையும் எனக்குத் தெரியும். இரவோடு இரவாகக் காரில் ஏற்றி வெளியூர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஊருக்குச் சொன்னது: "பையன் பெங்களூர்ல கோர்ஸ் படிக்கறானுங்க." அவனுக்குச் சிகிச்சை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அக்காவின் மகனுக்கு அது ஏன் இல்லை என்பதே கேள்வி.

அக்கா கடன் வாங்கி அவனை ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார். அடித்தார்கள். அம்மா என்ன வேலை என்று கேட்டுவிட்டு, கழிப்பறை கழுவும் வேலையை அவனுக்கு மட்டும் கொடுத்தார்கள். சிகிச்சை என்ற பெயரிலும் குலத்தொழில்! திரும்பி வந்தவன் பழைய அளவிலேயே ஊசி போட்டான். இடைவெளி விட்ட உடல் பழைய அளவைத் தாங்காது, மூச்சே நின்றுவிடும் என்று அங்கே ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. மயிரிழையில் பிழைத்தான்.

நம் தோழர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. "போதை அடிமைகளை விரட்டுவோம்" என்று எங்கள் பகுதிக் கூட்டத்தில் துண்டறிக்கை எழுதினார்கள். யாரைப் பார்த்து அடிமை என்கிறோம்? அந்தச் சொல்லை ஒழிக்கத்தானே இயக்கம் கட்டினோம்? போதை நம் இளைஞர்களை அழிக்கிறது என்பது உண்மை. அப்படியானால் விற்பவனோடு மோதுங்கள். விழுந்து கிடப்பவனை ஏன் மிதிக்கிறீர்கள்? எங்கே விரட்டுவீர்கள், மத்திய சிறைக்கா?

2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டுப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் சிறை கட்ட முடியுமா?

சட்டமே வழி வைத்திருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டம், பிரிவு 64ஏ: பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முடிப்பவரைத் தண்டிக்க முடியாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தையும் தனக்குள் கொண்டுவருகிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. நாக்குக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தை, ஊசி போடுபவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசமாகவே தருகிறது. அது நம் குடியிருப்புகளுக்கு எட்டும் தூரத்தில் வேண்டும் என்று கேட்போம். தண்ணீருக்கும் பட்டாவுக்கும் மறியல் செய்த நாம் இதற்கும் செய்யலாம்.

அதுவரை? மருத்துவமனை வரிசையில் கூட நில்லுங்கள். வழக்கறிஞர் தோழரின் எண்ணை அம்மாக்களிடம் கொடுத்து வையுங்கள். மறுபடி சறுக்கினால் மறுபடி அழைத்துப் போங்கள். மீள்வது ஒரே மூச்சில் நடப்பதில்லை.

அக்காவின் மகன் இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறான். இடையில் ஒருமுறை சறுக்கினான். அன்றும் அக்கா என் கதவைத்தான் தட்டினார். இந்த முறை ஆஸ்பத்திரிப் புத்தகத்தோடு வந்தார்.