உப்புத்தாளை எடுக்கும் முன்

பழைய டிராக்டர்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் சேற்றில் உழுத இயந்திரம், கண்காட்சித் திடலில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்து நிற்கும். படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தொழிற்சாலையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் இருக்கிறதே!" என்று சுற்றி நிற்பவர்கள் வியப்பார்கள்.

மாணவ நண்பர்களே, எனக்கு அந்த வியப்போடுதான் வழக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அந்த டிராக்டர் அப்படி இருக்கவில்லை. பளபளப்புக்காகத் தேய்த்து எறியப்படுவது துரு மட்டுமன்று. இயந்திரம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கான சாட்சியமும் அதோடு சேர்ந்து தூளாகிப் போகிறது.

அந்தச் சாட்சியம் என்ன? ஒரு டிராக்டருக்கு எவ்வாறு பெயிண்ட் பூசினார்கள் என்று பார்த்தால் தெரியும்.

பல தொழிற்சாலைகளில் எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை முதலில் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, பூட்டிய உடலை அப்படியே தெளிப்பு அறைக்குள் அனுப்புவார்கள். போல்ட், நட், குழாய் எல்லாவற்றின் மீதும் ஒரே நிறம் விழும். பானெட், மட்கார்டு, சக்கரம் போன்ற தகட்டு உறுப்புகள் தனியே பூசப்பட்டு, பிறகு வந்து சேரும். நிறுவனத்தின் பெயர் எழுதிய ஒட்டுப்படம் கடைசியில்.

ஏன் இந்தப் பிரிவினை? கணக்குப் போட்டுப் பாருங்கள். பூட்டிய உடலில் இரும்பு 1000 கிலோகிராம் என்று கொள்வோம். இரும்பின் தன்வெப்பம் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 450 ஜூல். அதை 100 டிகிரி சூடேற்ற 4.5 கோடி ஜூல் தேவை. 10 கிலோகிராம் எடையுள்ள பானெட்டுக்கோ 4.5 இலட்சம் ஜூல் போதும். அது மட்டுமா? பூட்டிய உடலில் எண்ணெய் அடைப்புகளும் ரப்பர்க் குழாய்களும் உண்டு. அவற்றை அதிகச் சூட்டில் வைக்க முடியாது. மெல்லிய தகட்டை அடுப்பில் வைத்து நன்றாகச் சுடலாம். கனத்த உடலுக்கு மிதமான சூட்டிலோ காற்றிலோ உலரும் எனாமலே ஏற்றது. ஒரே டிராக்டரில் இரண்டு வகைப் பூச்சு இருந்தால் திகைக்காதீர்கள்.

தெளிப்புத் துப்பாக்கியின் கதை சுவையானது. அமெரிக்காவில் டொலீடோ நகரைச் சேர்ந்த ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க 1880-களில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் 1907-இல் அதே முறையைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். வேகமாகப் பாயும் காற்று பெயிண்டை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி, 0.05 மில்லிமீட்டர் துளிகளாக உடைந்தால் எத்தனை துளிகள் கிடைக்கும்? 8000. மொத்தப் பரப்பு 20 மடங்காகிறது. அதனால் கரைப்பான் விரைந்து ஆவியாகும். தூரத்திலிருந்து தெளித்தால் துளிகள் பாதி உலர்ந்தே வந்து விழுந்து, பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

இதிலிருந்து ஒரு துப்பு கிடைக்கிறது. தெளித்த துளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வதால், விளக்கொளிபோலவே நிழலும் விழும். ஓர் உறுப்பின் பின்புறம் வெற்று இரும்பாக இருந்தால், அந்த உறுப்பு பூச்சுக்கு முன்பே பூட்டப்பட்டது என்று பொருள். பின்புறமும் நிறம் இருந்தால் பூச்சுக்குப் பிறகு பூட்டியிருக்க வேண்டும். வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதைக் காகிதம் ஏதுமின்றி இந்த நிழல்களிலிருந்தே படித்துவிடலாம். புதுப்பிப்பவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு நட்டையும் கழற்றி, ஒவ்வொன்றின் எல்லாப் பக்கங்களுக்கும் அழகாகப் பூசிவிடுகிறார். நிழல்கள் அத்தனையும் போயின.

பளபளப்பையும் பாருங்கள். ஒரு பரப்பு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்ப வேண்டுமானால், அதன் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.0005 மில்லிமீட்டர். மணல் அச்சில் வார்த்த இரும்பின் மேடுபள்ளங்களோ அதைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்டவை. மெல்லிய எனாமல் பூச்சால் அவற்றை மூட முடியாது. மூட வேண்டும் என்று தொழிற்சாலையில் யாரும் கவலைப்படவும் இல்லை. உழவருக்கு வேண்டியது துருப்பிடிக்காத இயந்திரம். இன்று பட்டி வைத்துத் தேய்த்து, பாலியூரித்தேன் பூசிப் பெறும் வழவழப்பு அந்தக் காலத்து வார்ப்பட ஆலை அறியாதது.

நிறமும் ஒரு தேதிதான். அமெரிக்காவின் பார்மால் டிராக்டர் 1924-இல் வெளிவந்தது. 1936 வரை உடல் சாம்பல் நிறம், சக்கரங்கள் சிவப்பு. அதன் பிறகே முழுவதும் சிவப்பாயிற்று. போர்டுசன் டிராக்டர் 1917 முதல் சாம்பல் நிறத்தில் வந்தது. உற்பத்தி இங்கிலாந்தின் டேகன்ஹாமுக்கு மாறியபின் 1933 முதல் நீலம், 1937-இல் ஆரஞ்சு, போர்க்காலத்தில் பச்சை. கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட பெர்குசன் டி.இ.20 டிராக்டருக்குச் சாம்பல் ஒன்றே நிறம். பெர்குசன் நிறுவனம் 1953-இல் கனடாவின் மாசே-ஹாரிசுடன் இணைந்தது. அதிலிருந்து பிறந்த மாசே பெர்குசனின் ஒத்துழைப்புடன்தான் 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. நம் வயல்களில் காணும் சிவப்பு மாசே அந்தச் சாம்பல் நிறப் பெர்குசனுக்கு உறவு. உறவினர் சிவப்பு என்பதற்காக 1948-ஆம் ஆண்டு பெர்குசனுக்குச் சிவப்பு அடித்தால், அழகாகத்தான் இருக்கும். ஆனால் தாத்தாவின் புகைப்படத்தில் பேரனின் சட்டையை வரைந்ததுபோல் ஆகிவிடும்.

"என் டிராக்டர், என் பணம், என் விருப்பம். துருப்பிடித்து மண்ணாகப் போகட்டும் என்கிறீரா?" என்று உரிமையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. துரு பரவும் இடத்தில் பூசத்தான் வேண்டும். உழைக்கும் டிராக்டருக்கு இந்த விவாதமே வேண்டாம். அது வேலை செய்தால் போதும். நான் சொல்வது காட்சிக்கென்றே வைக்கப்படும் பழைய இயந்திரத்தைப் பற்றி. அதிலும் நான் கேட்பது மிகச் சிறிது: முதலில் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுங்கள், பிறகு மறைவான ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டுவையுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். நாணய அளவுள்ள ஓர் இடத்தை நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் மெல்லத் தேய்த்தால், பூச்சுகள் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் வட்டம் வட்டமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அடுத்து அடிப்பூச்சு, பிறகு தொழிற்சாலை நிறம், அதற்கும் வெளியே உரிமையாளர்கள் பின்னாளில் அடித்தவை. ஓவியங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் வல்லுநர்கள் பூச்சுகளை அடுக்கடுக்காக ஆராய்வதும் இதே தத்துவத்தில்தான்.

ஆனால் இந்தத் தேய்ப்பு உங்கள் வேலையன்று. அந்நாளைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பெயிண்டுகள் பலவற்றில் ஈயக் குரோமேட்டு என்ற நிறமி உண்டு. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சில் செவ்வீயம் உண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். அது மூச்சு வழியாகவும் கை வழியாகவும் உடலில் சேர்ந்து, வளரும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வகுக்கப்பட்டது. பழைய டிராக்டர் அந்த விதிக்கு வெகு காலம் முந்தியது. தேய்ப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். தண்ணீர் விட்டு, முகமூடி அணிந்து தேய்க்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் வெறும் வாயோடு பழைய பெயிண்டைச் சுரண்டும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

உங்களுக்கு வேறொரு சோதனை உண்டு. சிறிய தகட்டு உறுப்புகளைப் பெயிண்டுத் தொட்டியில் முக்கியெடுப்பதும் அந்தக் காலத்தில் வழக்கம். அதை நீங்களும் செய்யலாம். தபால் அட்டை அளவில் ஒரு தகரத் துண்டைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு வெட்டி வாங்குங்கள். ஓர் ஓட்டையில் கம்பி கோத்து, ஈயம் கலவாத புதிய பெயிண்டில் முக்கி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். உலர்ந்தபின் கீழ் விளிம்பில் தடித்த வரம்பும் தொங்கும் சொட்டுகளும் இருக்கும். கூரான ஓரங்களில் பூச்சு மெலிந்திருக்கும். பரப்பு இழுவிசை பெயிண்டை ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துவிடுவதே காரணம். பிறகு தகரத்தை மழையிலும் வெயிலிலும் போட்டுவைத்து, துரு முதலில் எங்கே தோன்றுகிறது என்று நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். அடுத்த முறை ஒரு பழைய இயந்திரத்தைப் பார்க்கும்போது அதன் சொட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கவனியுங்கள். அந்த உறுப்பைத் தொழிற்சாலையில் எந்த முனையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம்.