கலியாணத்தை ஒப்படைக்கும் முன்...

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். இப்பொழுது இரண்டையுமே காண்டிராக்டில் விட்டுவிடலாம். பந்தக்கால் நடுவதிலிருந்து கட்டுச்சாதம் கட்டுவது வரை எல்லாவற்றையும் ஒரே ஆள் ஏற்றுக் கொள்கிறார். "பணத்தைக் கட்டிவிட்டு, பட்டு வேட்டியோடு மணவறைக்கு வந்தால் போதும்" என்கிறார்.

இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கேலியில் நியாயம் இல்லை.

முன்பெல்லாம் கலியாணம் என்றால் பத்து நாள் முன்னதாகவே உறவு வந்து இறங்கும். சித்தப்பா உக்கிராண அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக் கொள்வார். தாய்மாமன் சமையற்காரரோடு மல்லுக்கு நிற்பார். இன்று சித்தப்பா பெங்களூரில் இருக்கிறார். தாய்மாமன் துபாயில் இருக்கிறார். முதல் நாள் மாலை வந்து மறுநாள் மாலை ரயில் ஏறுகிறவர்களிடம் என்ன வேலையைக் கொடுப்பது? ஆள் இல்லாத வீடு காண்டிராக்டரைத் தேடுவது இயல்பு.

இன்னொன்றும் உண்டு. அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி, சொந்த மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமலே போன தாய்மார்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். இன்று அவர்கள் மணவறைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதற்காகக் காண்டிராக்டருக்கு நன்றி சொல்லலாம்.

வேலையை ஒப்படைப்பது சரி. கணக்கையும் சேர்த்து ஒப்படைத்துவிடுகிறார்களே, அதுதான் தவறு. ஓய்வு பெறும்போது வந்த பணம், பல ஆண்டுச் சீட்டுப் பணம், அடகு வைத்த நகை - எல்லாம் இரண்டே நாளில் கரைகிற இடம் கலியாண மண்டபம். ஐந்து லட்சத்தில் முடியும் என்று பேசியது ஏழு லட்சத்தில் போய் நிற்கிறது. சண்டை போட முடியாது. சம்பந்தி வீட்டார் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். மானத்துக்குப் பயந்து மீதியையும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

உக்கிராண அறை போய்விட்டது. அதன் சாவி மட்டும் வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும்.

அன்றைக்கு வேறு எத்தனை?

காண்டிராக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன ரேட்?" என்பதல்ல. "அன்றைக்கு வேறு எத்தனை கலியாணம் ஒப்புக் கொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். எஞ்சிய மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் வேண்டும்; அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தால் நல்லது என்று எல்லோருமே நினைக்கிறார்கள். ஆகவே ஒரே தேதிக்கு ஊரே முட்டிக் கொள்கிறது. பெயர் பெற்ற காண்டிராக்டர் அன்று நாலு இடத்தில் ஒப்புக் கொண்டிருப்பார். தலைமைச் சமையற்காரரோ ஒருவர்தான். அவர் எந்த மண்டபத்துக்குப் போவார்? பெரிய தொகை கொடுத்த மண்டபத்துக்குத்தான். மற்ற மூன்றுக்கும் அன்று காலை பிடித்த ஆட்கள் வருவார்கள்.

ஆகவே, நம் மண்டபத்தில் கரண்டி பிடிப்பவர் யார், மேற்பார்வைக்கு நிற்பவர் யார் என்று பெயரோடு எழுதி வாங்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுகிற ருசிச் சமையலை நம்பி முடிவு செய்யக் கூடாது. பத்துப் பேருக்கு வைத்த சாம்பாரில் தெரியாத குற்றம் எண்ணூறு பேர் சாம்பாரில் தெரியும். அவர் ஒப்புக் கொண்டிருக்கும் வேறொரு கலியாணத்துக்கு அழைப்போடு போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பது மேல். அங்கும் முதல் பந்தியில் உட்காரக் கூடாது. முதல் பந்தியில் எல்லார் சமையலும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் பந்தியில் உட்கார வேண்டும். ரசத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, பாயசம் இலைக்கு வருகிறதா, இலை எடுக்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அப்பொழுது தெரிந்துவிடும்.

ஆல்பத்தில் இருக்கும் படங்கள் யார் நடத்திய கலியாணத்தின் படங்களோ, யார் கண்டார்கள்? மூன்று மாதத்துக்கு முன் கலியாணம் நடத்திய இரண்டு வீட்டாரின் விலாசத்தைக் கேட்டு, நேரில் போய்ப் பேசினால் உண்மை வரும். அவர்களிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்பதைவிட, "கணக்கு முடித்தது எப்படி?" என்று கேட்பது பயன் தரும். சமையல் தொழில் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ லைசென்சோ பெற்றிருக்க வேண்டும். 14 இலக்க எண் அது. ரசீதில் அந்த எண் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கலாம்.

இலைக் கணக்கு

தகராறு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

இலை ஒன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 600 இலை என்று பேச்சு. வந்தவர்கள் 450 பேர். ஆனாலும் 600 இலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கை என்று அதற்குப் பெயர். 150 இலை வித்தியாசத்தில் 60,000 ரூபாய் போகிறது. காண்டிராக்டர் மேல் பழி சொல்ல முடியாது. அவர் 600 பேருக்கு அரிசியும் காய்கறியும் வாங்கிவிட்டார். எண்ணிக்கையைச் சொன்னது வீட்டுக்காரர்.

ஏன் கூட்டிச் சொல்கிறார்கள்? சாப்பாடு பற்றாமல் போய்விட்டால் தலைமுறைக்கும் பேச்சு என்ற பயம். அழைப்பிதழ் 500 அடித்தோம், வீட்டுக்கு இரண்டு பேர், ஆயிரம் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் நாள் மாலை வரவேற்புக்கு வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் மறுநாள் முகூர்த்தத்துக்கு வருவதில்லை. காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் டிபன் சாப்பிட்டதும் அலுவலகம் போய்விடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவது நெருங்கிய உறவு மட்டும். ஆகவே இரவு, காலை, மதியம் என்று மூன்று எண்ணிக்கையைத் தனித்தனியே பேச வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாழ்த்தி வைத்து, கூடினால் இத்தனை இலை வரை அதே விலைக்குப் போடுவதாக எழுதிக் கொள்வது நல்லது. நாணயமான காண்டிராக்டர் இதற்கு ஒப்புவார். அவரே எப்பொழுதும் கொஞ்சம் கூட்டித்தான் சமைப்பார்.

எண்ணுவது யார்? எத்தனை நாற்காலி, எத்தனை பந்தி என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். கடைசிப் பந்தியில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். கணக்கில் அதுவும் நிறைந்துவிடும். இலைக் கட்டை முன்னும் பின்னும் எண்ணுவது பழைய முறை. கிழிந்த இலை எத்தனை என்று அதிலும் வாய்ச்சண்டை வரும். ஒவ்வொரு பந்தி உட்கார்ந்ததும் வீட்டு ஆள் ஒருவரும் காண்டிராக்டர் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி, ஒரே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வம்பு இல்லை. காலேஜில் படிக்கும் தம்பி மகன் ஒருவன் போதும் இந்த வேலைக்கு. அவனுக்கும் கலியாணத்தில் ஒரு பொறுப்பு கொடுத்தது போல் ஆயிற்று.

நாயனக்காரர், புகைப்படக்காரர், கார் டிரைவர்கள், காண்டிராக்டரின் சொந்த ஆட்கள் - இவர்கள் சாப்பாடு யார் கணக்கில்? பேசாவிட்டால் வீட்டுக்காரர் கணக்கில்தான் ஏறும். முப்பது நாற்பது இலைக்குக் குறையாது.

இருநூறு பேருக்குள் முடிகிற கலியாணத்துக்கு இலைக் கணக்கே வேண்டாம். சமையற்காரர் கொடுக்கும் மளிகைப் பட்டியலை வீட்டுக்காரரே வாங்கிப் போட்டு, அவருக்குக் கூலி மட்டும் கொடுக்கிற பழைய முறை இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. மிஞ்சிய எண்ணெயும் பருப்பும் வீட்டுக்கு வரும். சாமான் அறையில் உட்கார ஒரு நம்பிக்கையான ஆள் கிடைத்தால் இதுவே சிக்கனம்.

பூ, கரண்டு, வரி, பாட்டு

முகூர்த்த நாளில் மதுரை மல்லிகை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது உண்டு. மூன்று மாதத்துக்கு முன் பேசிய மணவறை அலங்காரத்தில் அன்று பாதிப் பூ பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். எந்தப் பூ, எவ்வளவு, விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

மண்டபத்தில் வாடகைக்கு மேல் கரண்டு மீட்டர், ஜெனரேட்டர் டீசல், காஸ் சிலிண்டர், துப்புரவு என்று தனித்தனிச் சீட்டு வரும். பேசிய தொகையில் இவை அடக்கமா என்று கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி.யும் அப்படியே. மண்டப வாடகைக்கும் அலங்காரத்துக்கும் 18 சதவீதம் என்றால் லட்சத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். கடைசி நாளில் இதைக் கேட்டுத் திடுக்கிடுகிறவர்கள் பலர். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு காண்டிராக்டர் இந்த வரிக்குப் பதிவு செய்து கொள்ளத் தேவையில்லை. பதிவு எண் இல்லாதவருக்கு வரி என்று வசூலிக்கும் உரிமையும் இல்லை.

பாட்டுப் போடுவதற்கு லைசென்ஸ் பணம் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கலியாண ஊர்வலத்துக்கும் கலியாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. 2023-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு இதை அறிவிப்பாகவே வெளியிட்டது. ஒலிபெருக்கியை மட்டும் இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும்.

அச்சாரம்

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கக் கூடாது. கேட்கிறவரிடம் போகவும் கூடாது. தேதியை உறுதி செய்ய ஒரு பங்கு, மளிகை வாங்கும் சமயத்தில் ஒரு பங்கு, கணக்கு முடிந்த பிறகு ஒரு பங்கு என்று பிரித்துக் கொள்வது நல்லது. ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017-ம் ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். "ரொக்கமாகவே கொடுங்கள்" என்று வற்புறுத்துகிறவரிடம் இதைச் சொல்லலாம்.

கலியாணம் தள்ளிப் போனால் அச்சாரம் என்ன ஆகும்? இதைப் பேச யாரும் துணிவதில்லை. மங்கல காரியம் பேசுகிற இடத்தில் அபசகுனமாக எதையாவது சொல்லலாமா என்று வாயை மூடிக் கொள்கிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால் தேதி மாறத்தான் செய்யும். 2020-ம் ஆண்டு மார்ச்சு 25-ல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பிறகு கலியாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். அறுநூறு பேருக்கு அச்சாரம் கொடுத்தவர்கள், சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லாமல் தவித்தார்கள். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தின் பேரில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் தாலி கட்ட நாள் குறித்தவர்கள் கோர்ட்டுக்கா நாள் குறிப்பார்கள்?

அபசகுனம் என்று தோன்றினால் "தேதி மாறினால்" என்று மட்டும் எழுதிக் கொள்ளலாம். முப்பது நாளுக்கு முன் சொன்னால் இவ்வளவு திரும்ப வரும், பத்து நாளுக்கு முன் சொன்னால் இவ்வளவு, அல்லது அதே பணம் வேறு தேதிக்கு என்று இரண்டு தரப்பும் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பேசியபடி நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, காண்டிராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், புகார் செய்பவர் தம் சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் ரசீதும் ஒப்பந்தச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஒரு பெயர்

எவ்வளவு எழுதினாலும் மண்டபத்தில் ஓட்டை விழுகிற இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து "இன்னொரு தினுசு ஐஸ்கிரீம் போடச் சொல்லு" என்பார். பெண்ணின் தோழிகள் வாசலில் பூ வளைவு வேண்டும் என்பார்கள். சம்பந்தி அம்மாள் தாம்பூலப் பையை நூறு கூட்டச் சொல்வார். காண்டிராக்டர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" என்பார். மறுநாள் சீட்டில் இவை அத்தனையும் வரிசையாக வரும். யார் சொன்னது என்று தேடினால் ஆள் இருக்காது, ரயிலேறியிருப்பார்.

இதற்காகத்தான் ஒப்பந்தச் சீட்டில் ஒரே ஒருவர் பெயரை எழுத வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் கூடுதலாகச் செய்த எதற்கும் பணம் கிடையாது. அவர் பெண்ணின் தகப்பனாராக இருக்கக் கூடாது. சம்பந்தி வீட்டாரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அண்ணன் மகனோ, குடும்ப நண்பரோ, கொஞ்சம் முகத்தாட்சண்யம் குறைந்தவரோ தேவை.

மண்டபக்காரரிடமும் புகைப்படக்காரரிடமும் காண்டிராக்டருக்குத் தரகு உண்டா என்று இவரே கேட்டுவிடலாம். தரகு வாங்குவது குற்றமல்ல. நம்மிடமும் கூலி, அங்கேயும் தரகு என்றால் விலையில் அது தெரியும்.

ரொம்பவும் அடித்துப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலைக்கு ஐம்பது ரூபாய் குறைத்தால் அது காண்டிராக்டர் லாபத்திலிருந்து குறைவதில்லை. பரிமாறுகிற ஆட்களின் கூலியிலிருந்தே குறைகிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை 2016-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அறவே தடுத்துவிட்டது. அப்படியும் எச்சில் இலை எடுக்கும் பையன்களைச் சில பந்திகளில் காண முடிகிறது. சிறுவர்கள் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லும் உரிமை பணம் கொடுக்கிறவருக்கு உண்டு.

கணக்கை அன்று இரவே, மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் முடிக்க வேண்டாம். பந்தி நோட்டு, கூடுதல் சீட்டுகள், மண்டப ரசீது மூன்றையும் எடுத்துக் கொண்டு, மறுநாள் காலை காப்பி சாப்பிட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசலாம். பேசி முடிந்ததும் மீதியைத் தாமதமில்லாமல் கொடுத்துவிட வேண்டும். அவரும் கூலி கொடுக்க வேண்டிய ஆட்களை வைத்துக் கொண்டுதான் காத்திருப்பார்.