கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லலாமா?

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவிற்கு வரும். இவை இரண்டும் இல்லாத கம்ப்யூட்டர்களும் உண்டு. வாகனங்களின் இன்ஜினை நிர்வகிப்பவை அத்தகையவை. நாம் கீபோர்டு மூலம் டேட்டா தருவது போல, அவற்றுக்கு சென்சார்கள் தருகின்றன. இந்த சென்சாரின் சிக்னலை மாற்றி இன்ஜினின் சக்தியைக் கூட்டும் வழக்கம் பற்றி, சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1994 முதல் 2003 வரை தன் பெரிய பிக்கப் டிரக்குகளில் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினைப் பயன்படுத்தியது. இதைத் தயாரித்தது நேவிஸ்டார் நிறுவனம். இதில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குகின்றன. ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 3,000 பிஎஸ்ஐ வரை செல்லும். இன்ஜெக்டர் அதை 7 மடங்காக்கி, 21,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும்.

ஆயில் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதற்கு 5 வோல்ட் மின்சாரம் தரப்படுகிறது. அழுத்தம் கூடினால், அது அனுப்பும் சிக்னலின் வோல்டேஜும் கூடும். இந்த சிக்னல் வயரில் மலிவான ஒரு ரெசிஸ்டரை இணைத்தால் வோல்டேஜ் குறைந்துவிடும். உடனே கம்ப்யூட்டர், 'அழுத்தம் போதவில்லை' என எண்ணி, வால்வை இயக்கி அழுத்தத்தை ஏற்றும். குறைந்த அழுத்தத்திற்கு ஈடுகட்ட, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டும். டீசல் கூடுதலாகப் பாயும். வண்டி சீறிக் கொண்டு கிளம்பும்.

சக்தி கூடுவது உண்மைதான். செலவும் மிகக் குறைவு. இருந்தும் இதை நான் ஆதரிக்கவில்லை. தவறான டேட்டா தந்தால் தவறான விடைதான் கிடைக்கும் என்பது கம்ப்யூட்டரின் முதல் பாடம். வேகத்திற்காக நாம் மாற்றிய அதே எண்ணைத்தான் பாதுகாப்பிற்கும் கம்ப்யூட்டர் நம்பியிருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் பிழைக் குறியீடு காட்ட வேண்டிய கம்ப்யூட்டர், எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணி மௌனமாக இருக்கும். ஆயில் பம்ப்பிற்குச் சுமை கூடும். முழுமையாக எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். புகைக்குழாயில் வெப்பம் ஏறும். பின்னர் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கும் ஸ்கேனரில் பொய்யான எண்ணைத்தான் பார்ப்பார்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சென்சாரை விட்டுவிட்டு புரோகிராமை மாற்றுவதே முறை. இந்த இன்ஜினின் கம்ப்யூட்டரில் தனி சிப் பொருத்தி அப்படிச் செய்யலாம். அப்போதும் உண்மையான அழுத்தம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆனால் எந்த மாற்றமும் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கக் கூடாது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

டிரக் நம்மிடம் இல்லையே, நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான பென்டியம் 4 முதலே, இன்டெல் பிராசசர்கள் சூடு மிகுந்தால் தாமே வேகத்தைக் குறைத்துக் கொள்கின்றன. அப்படி வேகம் குறைந்தால், எச்சரிக்கையை நிறுத்தும் வழியைத் தேடாதீர்கள். கேபினெட்டைத் திறந்து மின்விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள்.