மாற்று உரைத்துப் பார்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர். முதுகுன்றத்தில் இறைவன் அளித்த 12,000 பொன்னை அவர் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆற்றில் போடுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். பொன்னில் ஒரு துண்டை மாதிரிக்காக வெட்டி வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பெயர். குளத்துப் பொன்னை அதனுடன் ஒப்பிட்டதால்தான் மாற்றுக் குறைவு தெரியவந்ததாம். மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் அந்தக் குளக்கரையில் வீற்றிருக்கிறார்.

விஞ்ஞானிகளின் வழியும் இதுவே. உங்கள் மின்விசிறிக்குள் தீப்பெட்டி போல ஒரு 'கண்டென்ஸர்' இருக்கிறது. இரண்டு உலோகப் படலங்கள். நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள். அந்த நடுப்பொருள் எவ்வளவு மின்சாரத்தைத் தேக்க உதவும்?

1837-ல் மைக்கேல் பாரடே இதை அளந்தார். ஒரே மாதிரியான இரண்டு பித்தளைக் கோளங்களைச் செய்தார். இரண்டிலும் காற்று இருக்கும்போது சமமாக இருக்கின்றனவா என்று முதலில் சரிபார்த்தார். பிறகு ஒன்றில் மட்டும் அரக்கை வைத்தார். ஒன்றுக்கு மின்சாரம் ஏற்றி, மற்றதோடு பங்கிடச் செய்தார். அரக்குக் கோளம் அதிகப் பங்கை வாங்கிக்கொண்டது! காற்றுக் கோளம்தான் அவருடைய மச்சம். இக்கால விசிறிகளில் உள்ள பாலிபுரொப்பிலீன் படலம், காற்றைப் போல் சுமார் 2.2 மடங்கு தேக்க உதவுகிறது.

அளவு பிசகுவது எங்கே? தகட்டுக்கும் பொருளுக்கும் இடையே மெல்லிய காற்று புகுந்தால் கணக்குக் குறையும். பொருள் ஈரம் உறிஞ்சியிருந்தால் கூடும். தகட்டின் ஓரத்தில் மின்விசை வெளியே பிதுங்கினாலும் கூடும். படியில் அரிசி குவிந்து நின்றால் தலைதட்டி அளப்போமே, அதுபோல் ஓரத்தைச் சுற்றி ஒரு காவல் வளையம் வைத்துத் தலைதட்டுகிறார்கள். தேக்கியதில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டைக் குடம் பெரிதாக இருந்து என்ன பயன்?

இந்த மச்சங்களைக் காப்பதற்கென்றே டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் முதல் டைரக்டர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புது விசிறி வாங்கிவிடாதீர்கள். பல விசிறிகளின் கண்டென்ஸரில் 2.5 மைக்ரோபாரட் என்று போட்டிருக்கும். நாளாக ஆக அது குறையும். எலெக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் தொடாதீர்கள்; சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பொன்னோ, விசிறியோ, மாற்று உரைத்துப் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும்!