அவர்கள் பழங்கதை அல்ல!

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு அந்தக் காலத்து மக்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்". உயிரற்றவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் என்று பொருள்.

இந்தப் பெயர் பொருந்தாத ஒரு காட்சிசாலை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கிறது. அமெரிக்க ஆதிக்குடிகளுக்காக 2004-ம் ஆண்டு திறக்கப்பட்டது அது.

1492-ல் கொலம்பஸ் கடல் கடந்து போனார். இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். அங்கிருந்த மக்களை "இந்தியர்" என்றார். தவறான பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் "செவ்விந்தியர்" என்று சொல்வதும் அதனால்தான்.

பெயர் மட்டுமா போயிற்று? நிலமும் போயிற்று. 1778 முதல் 1871 வரை அமெரிக்க அரசு அந்தக் குடிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 360-க்கு மேல். அவற்றில் பல மீறப்பட்டன.

திரும்பக் கிடைத்த எலும்புகள்

இறந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. புதைகுழிகளைத் தோண்டினார்கள். எலும்புகளை எடுத்துக் காட்சிசாலைகளில் அடுக்கினார்கள். பாட்டனின் எலும்பு பெட்டியில் கிடந்தால் பேரன் மனம் என்ன பாடுபடும்?

1989-ல் ஒரு சட்டம் பிறந்தது. இந்தக் காட்சிசாலையை அமைத்தது அந்தச் சட்டமே. அரசின் தேசியக் காட்சிசாலைகளில் இருந்த எலும்புகளை உரியவர்களிடம் திருப்பித் தரவும் அதுவே வழி செய்தது.

காட்சிசாலையின் முதல் இயக்குநர் ரிச்சர்ட் வெஸ்ட், செயன் என்னும் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். திறப்பு விழா நாளில் ஆயிரக்கணக்கான ஆதிக்குடி மக்கள் தங்கள் உடைகளை அணிந்து ஊர்வலம் வந்தார்கள். உள்ளே பல குடிகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எடுத்துச் சொன்னார்கள். கட்டடம், காற்றும் மழையும் அரித்த மலைப்பாறை போல வளைந்து நிற்கிறது. வாசல் உதயசூரியனை நோக்கி இருக்கிறது.

குழம்பில் இருக்கும் கடன்

அந்த மக்களுக்குத் தமிழ்நாட்டு அடுப்படியும் கடன்பட்டிருக்கிறது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் ஆதிக்குடிகள் முதலில் பயிராக்கியவை. மிளகாய் இல்லாத காரக்குழம்பு இன்று உண்டா?

ஆதிக்குடிகள் என்றால் அழிந்துபோனவர்கள் என்று எண்ணுவது பிழை. அமெரிக்காவில் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆசிரியராக, வழக்கறிஞராக, உழவராக இருக்கிறார்கள். தாய்மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் பாடுபடுகிறார்கள்.

எந்த ஊர்க் காட்சிசாலையானாலும் சரி, பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவதோடு நிறுத்த வேண்டாம். "இதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே? எப்படி வாழ்கிறார்கள்?" என்றும் கேட்கப் பழக்குங்கள். பொருளை மதிப்பதைவிட மனிதரை மதிப்பது பெரிது.