பேஸ் கிட்டாருக்கேற்ற கம்பியில்லாச் சாதனம்

இக்காலத்துக் கல்லூரிகளிற் சங்கீத சங்கமென ஒன்றிருப்பின், அதிற் கிட்டார் வாசிப்போர் மூவர் நால்வரும், பேஸ் கிட்டார் வாசிப்போர் ஒருவருமாக இருத்தல் பெரும்பாலும் கண்கூடு. அவ்வொருவருக்குக் கம்பியில்லாச் சாதனம் வாங்க வேண்டுமென்ற பேச்சு எழுங்கால், மற்றைக் கிட்டார்களுக்கு எதனை வாங்கினரோ அதனிலேயே மேலும் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுதல் வழக்கமாயிருக்கின்றது. இவ்வழக்கம் பிழையுடைத்தென்பதும், பேஸ் கிட்டாருக்குரிய சாதனத்தை அவ்வாத்தியத்தின் இயல்பையே அளவுகோலாகக் கொண்டு தெரிந்தெடுத்தல் வேண்டுமென்பதும் எமது கருத்து. சங்கங்கள் வாங்கும் பொருள் மாணாக்கர் செலுத்துங் கட்டணத்தினின்று வாங்கப்படுவதாதலின், இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் மிகையாகாது.

லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1951-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த பிரிசிஷன் பேஸ் என்பதே இவ்வாத்தியத்தை உலகெங்கும் பரவச் செய்தது. அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்ததாகிய இ தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. ஐந்து தந்திகளையுடைய வாத்தியமாயின், பி தந்தி ஏறக்குறைய 31 முறையே அதிரும். நம் சங்கீதத்தில் மந்தர ஸ்தாயி என்போமே, அதற்கும் கீழே இறங்கி நிற்கும் ஓசை இது. பெருங்கூட்டமாக நின்று பாமாலை பாடுவோரில் எவரும் பேஸ் கிட்டாரைத் தனியே கவனித்துக் கேட்பதில்லை; ஆனால் அஃது இடையே நின்றுவிடின், பாடுவோர் அனைவரும் காலடியில் ஏதோ நழுவியதை உணர்வர். கிட்டார் ஒன்று கணப்பொழுது ஓய்ந்தால் அதனை மறைக்க வேறு மூன்று உள. பேஸ் ஓய்ந்தால் அவ்விடத்தை நிரப்ப யாதொன்றுமில்லை. சாதனத்தைத் தெரிந்தெடுக்கும்போது முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது இதுவே.

இனி, கம்பியில்லாச் சாதனம் இவ்வாத்தியத்திற்கு வேண்டுவதுதானா என்று கேட்போர் உளர். மேடையில் ஓடியாடி வாசிப்பதற்கென்பதே வணிகர் கூறுங் காரணம். பேஸ் வாசிப்போர் பெரும்பாலும் தாளவாத்தியக்காரருக்கு அருகில் ஓரிடத்தில் நின்றவாறே இரண்டு மணிநேரமும் வாசித்துவிட்டுச் செல்லும் அமைதியான பிறவிகள். ஆதலால் இக்காரணத்தை யாம் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆயின் வேறொரு காரணம் உண்டு. அஃது உயிரைப் பற்றியது.

கிட்டாரின் தந்திகள் கேபிளின் வெளியுறை வாயிலாக ஆம்பிளிபயரின் உலோகப் பெட்டியுடன் இணைந்திருக்கின்றன. ஆம்பிளிபயரிலேனும் மைக்கிலேனும் எர்த் இணைப்புப் பழுதுற்றிருப்பின், தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் மைக்கை உதட்டாலோ கையாலோ தீண்டுங்கால் அவருடைய உடலே மின்சாரத்திற்கு வழியாகிவிடும். 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்டோன் த குரோஸ் என்னுங் குழுவின் கிட்டார் வித்துவானாகிய லெஸ் ஹார்வி என்பார் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரத்து மேடையில், கிட்டாரைத் தாங்கியவாறு எர்த் செய்யப்படாத மைக் ஒன்றைத் தொட்டு மாண்டார். 1976-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்து லேக்லாண்டு நகரில், கிஸ் என்னுங் குழுவினராகிய ஏஸ் ஃபிரேலி என்பார் மேடைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பற்றியவுடன் மின்சாரந் தாக்கி வீழ்ந்து அரிதிற் பிழைத்தார். அதன்பின் அக்குழுவினர் கென் ஷாஃபர் என்பவர் அமைத்த கம்பியில்லாச் சாதனத்தைக் கைக்கொண்டனர். ஆகவே மேடைகளில் இச்சாதனம் பரவியதற்கு ஆட்டமும் ஓட்டமும் மாத்திரம் காரணமல்ல, அச்சமும் ஒரு காரணமென்க.

நம் நாட்டு மண்டபங்களின் நிலையை யாவரும் அறிவர். ஒலிபெருக்கியில் உறுமல் கேட்கிறதென்று மூன்றாவது முள்ளைப் பிடுங்கியெறிந்த பிளக்குகளும், இரண்டு முள் அடாப்டர்களும், ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் எங்குமுள. இடுப்பிற் செருகிய சிறு பாட்டரியால் இயங்கும் அனுப்புங் கருவியைக் கொண்டு வாசிப்பவருக்கும் ஆம்பிளிபயருக்கும் இடையே உலோகத் தொடர்பு யாதுமில்லை. எர்த்தைச் செம்மைப்படுத்துதலே முதற் கடமை. அதனைச் செய்யாது கம்பியில்லாச் சாதனத்தை நம்பியிருத்தல் ஓட்டைக் கூரையின் கீழ்க் குடை பிடித்திருத்தலை ஒக்கும். எனினும் பல ஊர்களில் வாடகை மண்டபங்களில் வாசிக்கச் செல்லும் மாணாக்கருக்கு இஃது ஒரு மெய்யான பாதுகாப்பென்பதை மறுக்கவியலாது. வேண்டுமென்ற பக்கத்தில் எம்மை நிறுத்துவது இது ஒன்றே.

நிற்க. எத்தகையதை வாங்குவது?

சாதனங்கள் பழைய அனலாக் முறையினவும், டிஜிட்டல் முறையினவுமென இருவகைப்படும். அனலாக் வகையின் குறையைப் பேஸ் கிட்டாரைப்போல் வெளிப்படுத்தும் வாத்தியம் வேறொன்றில்லை. ரேடியோ அலையில் ஏறும் ஓசையின் ஏற்றத்தாழ்வு அவ்வலை தாங்குமளவிற்கு மேற்பட்டதாதலால், அனுப்புமிடத்தில் அதனைப் பாதியாகச் சுருக்கி, வாங்குமிடத்தில் மீண்டும் விரித்தல் மரபு. இவ்வேலையைச் செய்யும் உறுப்புக்குக் கம்பாண்டர் என்று பெயர். ஓசை எவ்வளவு பெரிதென்பதை அஃது இடைவிடாது அளந்துகொண்டேயிருக்கும். அளப்பது மிக விரைவாயின், 41 முறையே அதிரும் மெதுவான ஓசையில் ஒவ்வோர் அதிர்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையுமே தனித்தனிப் பெருக்கமும் சுருக்கமுமாகக் கருதி ஓசையைக் கோணலாக்கிவிடும். அளப்பது மெதுவாயின், தந்தியை விரல் தட்டியெழுப்பும் முதற்கணத்தின் வலிமையைத் தவறவிடும். அன்றியும், வாங்குமிடத்தில் விரிக்கும்போது அலையோடு கலந்துள்ள இரைச்சலும் உடன் விரிகின்றது. கிட்டாரிலும் மனிதர் குரலிலும் உச்ச ஓசைகள் நிறைந்திருப்பதால் அவ்விரைச்சல் அவற்றுள் மறைந்துபோகும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஓசைக்கு அதனை மறைக்குந் திறனில்லை. சுரம் எழுந்தோறும் இரைச்சல் எழுவதும், அடங்குந்தோறும் அடங்குவதும் நோயாளியின் மூச்சுப்போல் கேட்கும். நற்பெயர் பெற்ற சிலர் இதனைப் பெரிதும் குறைத்தே அமைத்துள்ளனராயினும், அவை விலை மிகுந்தன. மலிவான அனலாக் சாதனத்தைப் பேஸுக்கு வாங்குதல் எவ்வாற்றானுந் தகாது. டிஜிட்டல் முறையிற் கம்பாண்டருக்கு வேலையில்லையாதலின் அதுவே நமக்கு ஏற்றது.

டிஜிட்டலென்றவுடன் தாமதம் என்னும் பூச்சாண்டியைச் சிலர் காட்டுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். பாஸ் நிறுவனத்தாரின் டபிள்யூ எல் 20 என்னுஞ் சாதனத்தின் தாமதம் 2.3 மில்லி செகண்டு. சென்ஹைசர் நிறுவனத்தாரின் ஈ டபிள்யூ டி வகைக்கு 1.9, வேறு பலவற்றிற்கு 4 முதல் 6 வரை. காற்றில் ஓசை ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே 4 மில்லி செகண்டுத் தாமதமென்பது ஒலிபெருக்கியினின்று ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தூரம் பின்னே நகர்ந்து நின்றாற்போலத்தான். அன்றியும் இ தந்தி ஒருமுறை முழுதும் அதிர்வதற்கே 24 மில்லி செகண்டு ஆகின்றது. ஓசை எழுவதற்குள் தாமதம் முடிந்துவிடுகின்றதன்றோ? டிஜிட்டல் பெடல், டிஜிட்டல் மிக்ஸர், காதிற் செருகுங் கம்பியில்லாக் கருவி ஆகிய யாவும் ஒன்றன்மேலொன்றாகச் சேருமாயின் கூட்டுத்தொகையைக் கவனித்தல் வேண்டும். மற்றபடி இதன்பொருட்டு உறக்கங் கெடவேண்டுவதில்லை. ப்ளூடூத் வாயிலாக வாசிக்கலாகாதா என்று கேட்பவருக்கு மாத்திரம் ஆகாதென்றே விடையளிப்போம்; சாதாரண ப்ளூடூத் காதணிக் கருவிகளில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி செகண்டைக் கடந்துவிடுகின்றது.

தாமதத்தைக் குறித்துக் கவலுவோர் உண்மையிற் கவலவேண்டுவது அலைவரிசையைக் குறித்தே. விலை குறைந்த டிஜிட்டல் சாதனங்கள் ஏறக்குறைய யாவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்குவன. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் அவ்வரிசைக்கு உரிமச் சீட்டு வேண்டியதில்லை. அதுவே அதன் நலமும் கேடும் ஆகின்றது. வைஃபையும் ப்ளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. பிற்பகலில் வெறுமையான மண்டபத்தில் ஒத்திகை பார்க்குங்கால் யாதொரு பழுதுமின்றி ஒலித்த சாதனம், மாலையில் ஆயிரம் பேர் ஆயிரம் கைப்பேசிகளுடன் வந்தமர்ந்தபின் திக்குதற்குக் காரணம் இதுவே. மேலும் அவ்வலையின் நீளம் 12 சென்டிமீட்டரளவே யாதலால், நீர் நிறைந்த மனித உடல் அதனை எளிதில் உறிஞ்சிவிடும். கூட்டம் நெருங்க நெருங்க அலை மெலியும். அனலாக் சாதனம் மெலியும்போது இரைச்சலிட்டு முன்னறிவிக்கும். டிஜிட்டலோ ஒரு கணம் முன்வரை தெளிவாயிருந்து அடுத்த கணம் ஊமையாகிவிடும். இவ்வூமைத்தனம் வந்து சேர்வது, யாதொரு மாற்றுமில்லாத பேஸ் கிட்டாருக்கு!

இதற்குப் பணச் செலவில்லாத பரிகாரம் ஒன்றுண்டு. வாங்குங் கருவியை மண்டபத்தின் பின்கோடியிலுள்ள மிக்ஸரருகில் வைப்பதை விடுத்து, வாசிப்பவரின் எதிரே மேடையிலேயே வைத்து, அங்கிருந்து கேபிள் வழியே ஓசையைப் பின்னே கொண்டு செல்லலாம். முப்பது மீட்டர் மூன்று மீட்டராகக் குறையின், வந்துசேரும் அலையின் வலிமை ஏறக்குறைய நூறு மடங்காகும். 200 அடி, 250 அடியென்று விளம்பரத்திற் காணும் எண்கள் தடையில்லாத வெட்டவெளிக்கு உரியனவாம். பெடல் வடிவினதாகத் தரையில் வைக்கத்தக்க வாங்குங் கருவிகள் கிடைக்கின்றன. இரண்டு ஏரியல்களைக் கொண்டு, எதில் அலை நன்கு வருகின்றதோ அதனைப் பற்றிக்கொள்ளும் வகையை விரும்புதல் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் வரிசை பெரும்பாலும் நெருக்கடி குறைந்தது. அதன் அலை உடல்களினூடே செல்ல மாட்டாதெனினும் மூன்று மீட்டர்த் தூரத்திற்கு அஃதொரு குறையன்று.

யு.ஹெச்.எப். வரிசையிலுள்ள டிஜிட்டல் சாதனங்களே கூட்டத்தைப் பொறுத்துத் தாங்குவனவாம். ஆனால் விலை பன்மடங்கு. அவ்வரிசையை உபயோகிப்பதற்கு அரசாங்கத்தாரின் அனுமதி எவ்வாறென்று வாங்குமுன் தெளிந்துகொள்ளலும் வேண்டும். பழைய பொருளை மலிவாக வாங்க நினைப்போர் பின்வருவதைக் கவனிக்க. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசை மைக்குகள் 2010-ஆம் ஆண்டிலும், 600 மெகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதியில் இயங்குவன 2020-ஆம் ஆண்டிலும் விலக்கப்பட்டன. நம் நாட்டிலும் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசை 2022-ஆம் ஆண்டு ஏலத்திற் கைப்பேசி நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. அயல்நாட்டினின்று உறவினர் அன்புடன் கொணர்ந்த சாதனமாயினும், பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் பாராமற் பெற்றுக்கொள்ளற்க.

பாட்டரியைக் குறித்து எமது கருத்துப் பலருக்கு உவப்பாயிராது. உள்ளேயே பதித்த லித்தியம் பாட்டரியுள்ள சாதனங்கள் அழகியன, இலேசானவை. சில 5 மணி நேரமும், டபிள்யூ எல் 20 போன்றவை 12 மணி நேரமும் நிற்கும். தனி மாணாக்கர் தமக்கென வாங்கின் அதுவே போதும். கல்லூரிச் சங்கத்தின் நிலைமை வேறு. மாணாக்கர் மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். அலமாரியில் கோடை விடுமுறை முழுதும் வெறுமையாய்க் கிடந்த பாட்டரி அடுத்தடுத்து வரும் வகுப்பினருக்கு மெலிந்தே பயன்படும், பின்பு பயன்படாதொழியும். எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பென் டார்ச் செல்களைப் போட்டுக்கொள்ளத்தக்க சாதனம் பருமனாயினும் நெடுநாள் உழைக்கும். சங்கத்தின் பணத்திற்கு யாம் அதனையே தெரிந்தெடுப்போம்.

கடைக்குச் செல்வோர் தம் வாத்தியத்தையே உடன் கொண்டு செல்லல் நலம். 9 வோல்ட் பாட்டரியுடன் கூடிய ஆக்டிவ் பேஸின் ஓசை வலியதாதலால், அதனைத் தாங்குமாறு அளவைத் தணிக்கும் ஏற்பாடு அனுப்புங் கருவியில் உண்டாவென்று கேட்க. பாட்டரியில்லாத பாஸிவ் பேஸாயின் கேபிளிலிருந்து சாதனத்திற்கு மாறியவுடன் உச்ச ஓசை சற்றுக் கூர்மையாகும். நீண்ட கேபிள் அதனைச் சிறிது மழுக்கி வந்ததே காரணமாதலின், இதனைக் குறையென்று மயங்கற்க. பின்னர் இ தந்தியை ஒருமுறை வலிதாகவும் ஒருமுறை மெலிதாகவும் எழுப்பி, அது தானே அடங்குமளவும் வேறொன்றும் வாசியாது காத்திருந்து கேட்க. கடைக்காரர் பொறுமையிழப்பார், இழக்கட்டும். வால்போல் நீளும் அவ்வோசை கேபிளிலும் சாதனத்திலும் ஒன்றாகவே கேட்குமாயின் வாங்கலாம். அடங்குமுன் திடீரென வெட்டுண்டதாயின், அல்லது அடியில் இரைச்சல் நெளிந்ததாயின், பெயரையும் விலையையும் பாராது வைத்துவிட்டு வருக. விலைப் பட்டியலில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையென்று எழுதியிருப்பது இச்சோதனைக்கு ஈடாகாது.

வாங்கியபின் கேபிளை எவருக்கும் இரவல் கொடுத்துவிடாமல், இரு முனைகளையும் சோதித்து ஆம்பிளிபயரின் பின்னே சுருட்டி மாட்டி வைத்தல் வேண்டும். சாதனம் ஊமையாகுங்கால், எர்த் சரியாயுள்ள மண்டபமாயின், அதனைச் செருகிப் பாமாலையின் அடுத்த அடியிற் சேர்ந்துகொள்ளப் பத்து வினாடி போதும்.