எல்லா கிளப்புக்கும் ஒரே 40% கட் போடறது நியாயமா?

சம்பளம் குறைஞ்சா வீட்டு பட்ஜெட்டை எங்கே வெட்டறதுன்னு சேனல்ல பேசியிருக்கோம். இன்னைக்கு எடுத்துக்கப் போறது ஒரு காலேஜ் பட்ஜெட். "நாங்க படிச்சு முடிச்சு வேலைக்கே வந்துட்டோம், எங்களுக்கு எதுக்கு காலேஜ் கிளப் கணக்கு"ன்னு நினைக்காதீங்க. வருஷா வருஷம் ஜனவரி வந்தா "அண்ணா, நம்ம கிளப்புக்கு ஏதாவது ஸ்பான்சர் பண்ண முடியுமா"ன்னு ஜூனியர்ஸ் அனுப்பற வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வருதுல்ல? அந்த மெசேஜ் ஏன் வருதுங்கறதுதான் விஷயம்.

எங்க ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப் பண்ற ஒரு தம்பியோட தங்கச்சி, ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஸ்டூடண்ட் கவுன்சில் ட்ரெஷரர். அட்மிஷன் குறைஞ்சதால நிர்வாகம் கிளப்புகளுக்குக் குடுக்கற பணத்தை 10 லட்சத்துல இருந்து 6 லட்சமா குறைச்சுட்டாங்க. "நீங்களே பிரிச்சுக்கோங்க"ன்னு கவுன்சில்கிட்ட விட்டாச்சு. பொண்ணு என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "சார், எல்லாருக்கும் 40% குறைச்சுட்டா யாரும் சண்டை போட மாட்டாங்கல்ல?" காலேஜ் பேர் வேண்டாம், எண்களையும் கணக்குக்கு வசதியா ரவுண்டா மாத்திட்டேன்.

என் பதில்: சண்டை குறையும், ஆனா அது நியாயமான பிரிப்பு இல்லை. எல்லாருக்கும் ஒரே சதவீதம்ங்கறது முடிவு எடுக்கற வேலையில இருந்து தப்பிக்கிற வழி. சண்டை வரலைங்கறதுக்காக அதை நியாயம்னு சொல்லிட முடியாது.

போன வருஷக் கணக்கைப் பாருங்க. ரோபோடிக்ஸ் 3,00,000. நடனமும் இசையும் சேர்ந்த கல்ச்சுரல் கிளப் 2,80,000. கோடிங் 1,80,000. போட்டோகிராஃபி 1,20,000. நாடகக் குழு 80,000. தமிழ் மன்றம் 40,000. மொத்தம் 10 லட்சம். 40% வெட்டினா நாடகக் குழுவுக்கு 48,000, மன்றத்துக்கு 24,000. பேப்பர்ல பார்க்க எல்லாருக்கும் சமமான வலி மாதிரிதான் தெரியும்.

நாடகக் குழு வருஷத்துக்கு ஒரு பெரிய நாடகம் போடுது. லைட் வாடகை, செட், காஸ்ட்யூம், ஒத்திகை முடிஞ்சு ராத்திரி எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டு விடற வண்டி, எல்லாம் சேர்த்து எவ்வளவு சுருக்கினாலும் 60,000 ஆகும். 48,000 குடுத்தா 60% நாடகமா போட முடியும்? ஒண்ணு நாடகம் இருக்கும், இல்லைன்னா இருக்காது. அப்போ அந்த 48,000 டீ செலவாவும் போஸ்டர் செலவாவும் கரையும். காசும் போச்சு, நாடகமும் போச்சு. அதே சமயம் ரோபோடிக்ஸ் கிளப் 3 லட்சத்துல இருந்து 1,80,000 ஆனாலும் மோட்டார், போர்டு எல்லாம் போன வருஷம் வாங்கினது ஷெல்ஃப்ல இருக்கு. ரெண்டு போட்டிக்குப் பதில் ஒரு போட்டிக்குப் போவாங்க, கிளப் ஓடும்.

உங்க வீட்டுக் கணக்கையே எடுத்துக்கோங்க. 60,000 சம்பளம் 36,000 ஆயிடுச்சுன்னு வைங்க. ஹவுஸ் ஓனர்கிட்ட போய் "சார், வாடகையிலயும் 40% கட்"னு சொல்வீங்களா? இஎம்ஐ-ல 60% மட்டும் கட்டுவீங்களா? மாட்டீங்க. முதல்ல எது நின்னா குடும்பமே நிக்குமோ அதுக்கு முழுசா எடுத்து வைப்பீங்க. மிச்சத்தைத்தான் பிரிப்பீங்க. ஒரு ஓடிடி சந்தாவை 40% குறைக்க முடியாது, நிறுத்தத்தான் முடியும்.

திவாலான கம்பெனியோட சொத்தை வித்துப் பிரிக்கறப்பகூட சட்டம் இந்த வழியிலதான் போகுது. 2016-ல வந்த திவால் சட்டத்தோட 53-வது பிரிவு ஒரு வரிசை போட்டுக் குடுத்திருக்கு. அந்த நடைமுறையை நடத்தற செலவு முதல்ல. அடுத்து தொழிலாளர்களோட கடைசி 24 மாச பாக்கியும், அடமானத்தை விட்டுக்கொடுத்த கடன்காரங்களும், ரெண்டு பேரும் சமமா. அதுக்கு அப்புறம் மத்த ஊழியர்களோட 12 மாச சம்பள பாக்கி. இப்படியே இறங்கி, ஷேர் வச்சிருக்கறவங்க கடைசி. ஒவ்வொரு படிக்குள்ள மட்டும்தான் பணம் பத்தாதபோது விகிதப்படி பிரிப்பாங்க. எடுத்த எடுப்புல எல்லாருக்கும் ஒரே சதவீதம்னு சட்டம் சொல்லலை. (வேலை பார்க்கற கம்பெனி ஆட்டம் கண்டுகிட்டு இருந்தா இந்த வரிசையில நீங்க எங்கே நிக்கறீங்கன்னு ஒரு தடவை படிச்சு வச்சுக்கோங்க.)

ஒரே சதவீதத்துல இன்னொரு கோளாறு இருக்கு, எனக்கு அதுதான் பெரிசு. அது போன வருஷ எண்ணை உண்மைன்னு எடுத்துக்குது. கிளப் செயலாளரா இருந்தவங்களுக்குத் தெரியும், "எப்படியும் குறைப்பாங்க, ஏத்திக் கேப்போம்"னு போடற பட்ஜெட் எப்படி இருக்கும்னு. ரெண்டரை லட்சம் வேணும்னா மூணே முக்கால் கேட்டு மூணு வாங்கிட்டு வருவாங்க. தமிழ் மன்றத்துப் பசங்க ஸ்பீக்கர் வாடகை, பேச வர்றவருக்கு பஸ் டிக்கெட், பரிசுக்குப் புத்தகம்னு பைசா பைசாவா எழுதி 40,000 கேட்டாங்க. இப்போ ரெண்டு பேருக்கும் 40% வெட்டினா, ஏத்திக் கேட்டவனுக்குக் கொழுப்பு குறையும், நேர்மையா கேட்டவனுக்கு எலும்பு உடையும். அடுத்த வருஷம் மன்றமும் ஏத்திக் கேக்கக் கத்துக்கும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில பீட்டர் பைர்ன்னு ஒருத்தர் இதுக்காகத்தான் போன வருஷ எண்ணை ஓரமா வச்சுட்டு ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்துல இருந்து நியாயப்படுத்தச் சொன்னார். 1970-ல அதைப் பத்தி எழுதினார், 'ஜீரோ பேஸ்டு பட்ஜெட்டிங்'னு பேர் வந்துச்சு. ஒரு பெரிய கம்பெனிக்கு வருஷா வருஷம் அது தலைவலி பிடிச்ச வேலை. ஆறு கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்ன கணக்கு இதுதான்.

முதல்ல 45,000 ரிசர்வ், எதுக்கும் தொடக்கூடாது. அடுத்து ஒவ்வொரு கிளப்பும் "இதுக்குக் கீழே போனா இந்த வருஷம் நாங்க இல்லை"ங்கற தொகையை பில், கொட்டேஷனோட காட்டணும். ரோபோடிக்ஸ் 1,30,000, கல்ச்சுரல் 1,00,000, நாடகம் 60,000, கோடிங் 40,000, மன்றம் 35,000, போட்டோகிராஃபி 30,000. கோடிங்கும் போட்டோகிராஃபியும் இவ்வளவு கீழே இறங்கறதுக்குக் காரணம் இருக்கு. கோடிங் கிளப்போட லேபும் இன்டர்நெட்டும் காலேஜோடது, பெரும் செலவு பரிசுப் பணம்தான். போட்டோகிராஃபியில பாதி புது லென்ஸ் வாங்கக் கேட்ட பணம், பழைய லென்ஸ் நல்லாவே இருக்கு. இந்த அடிப்படைத் தொகை மொத்தம் 3,95,000. ரிசர்வோட சேர்த்து 4,40,000. மிச்சம் 1,60,000.

இந்த மிச்சத்தை ஆள் கணக்குல பிரிக்கலாம். ஒரு எச்சரிக்கை. "எங்க ஈவென்ட்டுக்கு 800 பேர் வந்தாங்க"ங்கற கதையெல்லாம் எடுக்கக்கூடாது. ஃப்ரீ டி-ஷர்ட் குடுத்தா யார் வேணா வருவாங்க. வருஷத்துல மூணு தடவையாவது வந்த ரோல் நம்பரை மட்டும் எண்ணணும். அப்படி எண்ணினா கோடிங் 120, கல்ச்சுரல் 110, மன்றம் 65, போட்டோகிராஃபி 45, ரோபோடிக்ஸ் 35, நாடகம் 25. மொத்தம் 400 பேர், தலைக்கு 400 ரூபாய்.

இப்போ கூட்டிப் பாருங்க. ரோபோடிக்ஸ் 1,44,000. கல்ச்சுரல் 1,44,000. கோடிங் 88,000. நாடகம் 70,000. போட்டோகிராஃபி 48,000. மன்றத்துக்குக் கணக்குப்படி 61,000 வருது, ஆனா அவங்க இந்த வருஷம் கேட்டதே 45,000. கேட்டதுக்கு மேல யாருக்கும் கிடையாதுங்கறது விதி, அதனால 45,000. மீதி 16,000 ரிசர்வுக்குப் போய் ரிசர்வ் 61,000 ஆகுது.

ஆமா, பட்ஜெட் குறைஞ்ச வருஷத்துல மன்றத்துக்குப் போன வருஷத்தைவிட 5,000 கூட வருது. ரோபோடிக்ஸுக்கு 40% கட்டைவிடவும் 36,000 குறைவு. "எங்களாலதான் காலேஜுக்குப் பேரு, அட்மிஷன் போஸ்டர்ல எங்க போட்டோதான் போடறீங்க"ன்னு அவங்க கோபப்படுவாங்க. அந்த வாதத்துல பாதி சரி. போஸ்டருக்காகத்தான் அந்த டீம்னா அது விளம்பரச் செலவு, நிர்வாகம் விளம்பர பட்ஜெட்ல இருந்து குடுக்கட்டும். மாணவர் பணத்துல இருந்து எதுக்கு? இதை நிர்வாகத்துகிட்ட எழுத்துல கேக்கச் சொன்னேன்.

"பேசாம ஓட்டு போட்டு முடிவு பண்ணலாமே"ன்னு கவுன்சில்ல சிலர் சொன்னாங்களாம். வேண்டவே வேண்டாம். 120 பேர் இருக்கற கிளப், 25 பேர் இருக்கற கிளப்பை ஓட்டுல தோற்கடிக்கறது பெரிய விஷயமே இல்லை. அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல மாணவர்கள்கிட்ட கட்டாயமா வாங்கற ஃபீஸ்ல இருந்து மாணவர் அமைப்புகளுக்குப் பணம் போறதை எதிர்த்து சில மாணவர்கள் வழக்கு போட்டாங்க. 2000-ல அங்கே உச்ச நீதிமன்றம், ஃபீஸ் வாங்கலாம், ஆனா எந்த அமைப்பு என்ன கருத்து வச்சிருக்குன்னு பார்க்காம நடுநிலையா பிரிக்கணும்னு சொல்லுச்சு. ஓட்டெடுப்பு நடத்தி ஒரு அமைப்புக்குப் பணம் குடுக்கறதையோ நிறுத்தறதையோ முடிவு பண்ற முறை அந்தப் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு. பெரும்பான்மையோட விருப்பம் நடுநிலைக்கு மாற்று ஆகாதுன்னு சொல்லி நீதிமன்றம் அதைச் சந்தேகமாத்தான் பார்த்துச்சு. நம்ம காலேஜுக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது. ஆனா அதுல இருக்கற புத்தி நமக்கும் உதவும்.

சரி, இவ்வளவு கணக்கு எதுக்கு? மொத்தமே 6 லட்சம்தானே?

கிளப் பட்ஜெட்டைக் குறைச்சா செலவு குறையாது, செலவு பண்ற ஆள் மாறுவாங்க. முன்னாடி கிளப் குடுத்த காஸ்ட்யூம் காசு, பஸ் காசு, ரெஜிஸ்ட்ரேஷன் காசு இப்போ "ஆளுக்கு 1,500 போட்டுக்கலாம்டா"ன்னு குரூப்ல ஒரு மெசேஜா வரும். அந்த மெசேஜைப் பார்த்துட்டு "எனக்கு அன்னைக்கு லேப் இருக்கு"ன்னு ஒருத்தன் ஒதுங்குவான். அவனுக்கு லேப் இருக்காது. வீட்டுல 1,500 கேக்க முடியாதுன்னு சொல்லக் கூச்சம். குடும்பத்துல முதல் ஆளா காலேஜுக்கு வந்த பசங்க உங்க பேட்ச்லயும் இருந்திருப்பாங்க, நீங்களே அப்படி வந்தவங்களா இருக்கலாம். மேடையில நின்னு பேசறதும், ஒரு டீமை நடத்தறதும் இன்டர்வியூல எவ்வளவு கை குடுக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை யார் கத்துக்கறாங்கங்கறது இந்த 6 லட்சத்தை எப்படிப் பிரிக்கறாங்கங்கறதுலதான் இருக்கு. அதனால ரிசர்வ்ல இருக்கற 61,000-ல முதல் உரிமை கைக்காசு போட முடியாத மாணவருக்குன்னு எழுதி வைக்கச் சொன்னேன். பேரை வெளியே சொல்லாம, ஃபேகல்டி அட்வைசர் ஒருத்தர் மட்டும் பார்த்து குடுக்கற மாதிரி.

ஸ்பான்சர் பத்தி ரெண்டு வார்த்தை. ஸ்பான்சர் பிடிச்ச கிளப்போட ஒதுக்கீட்டைக் குறைக்காதீங்க, அப்புறம் எவனும் ஸ்பான்சர் தேடிப் போக மாட்டான். ஒரே பில்லை ரெண்டு இடத்துல காட்டாம மட்டும் பார்த்துக்கணும். வர்ற பணம் காலேஜ் அக்கவுண்ட்டுக்குத்தான் வரணும். செயலாளரோட ஜிபே நம்பருக்கு வர்ற பணத்தை எந்த ஆடிட்டராலயும் பிரிச்சுப் பார்க்க முடியாது. அவனோட மெஸ் பில்லும் கிளப் பணமும் ஒரே ஸ்டேட்மென்ட்ல கிடக்கும். பையன் நல்லவனாவே இருந்தாலும் கடைசியில கெட்ட பேர் அவனுக்குத்தான்.

இப்போ உங்க பக்கம். அடுத்த தடவை ஜூனியர் மெசேஜ் அனுப்பினா உடனே 2,000 அனுப்பிட்டு மறந்துடாதீங்க. "மொத்தப் பணம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு குடுத்தாங்க, ஒரு பக்கத்துல எழுதி அனுப்பு"ன்னு கேளுங்க. கவுன்சில் அந்த ஒரு பக்கத்தை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல போட்டோ வந்துடும். வரலைன்னா ஏன் வரலைன்னு கேளுங்க. குடுக்கறதா முடிவு பண்ணா உங்களுக்குத் தெரிஞ்ச கிளப்புக்கே குடுக்காதீங்க. ரோபோடிக்ஸ் முன்னாள் மாணவர்கள் பெரும்பாலும் நல்ல சம்பளத்துல இருப்பாங்க, அவங்களுக்குக் கேக்க ஆள் இருக்கு. நாடகக் குழுவுக்கும் அந்த ரிசர்வுக்கும் கேக்க ஆள் கம்மி. வரிக் கழிவு வரும்னு நம்பி குடுக்கறவங்களுக்கு: அந்தக் கழிவு பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான், அதுவும் காலேஜ் டிரஸ்ட்டுக்கு அந்தப் பதிவு இருந்து ரசீது குடுத்தாதான். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அதுவும் கிடையாது.

அந்தப் பொண்ணு நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போற பக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கா. கூட்டல் சரி. ரோபோடிக்ஸ் செயலாளர் இன்னும் கையெழுத்துப் போடலையாம், திங்கட்கிழமை மீட்டிங்.